குறையை எழுதிக் கொடுத்தால்தான் சாவி!

பழைய கார்களை வாங்கி, பழுது நீக்கி, கைமாற்றிவிடும் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்குகளின் உலகம்

காலை ஆறு மணி. சூலூர் தாண்டி ஒரு தோட்டத்து வீடு. தென்னை மரத்தடியில் வெள்ளை நிற மாருதி 800 நிற்கிறது. 2003 மாடல். வீட்டுக்காரர் சாவி எடுத்துவர உள்ளே போன நேரத்தில் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். பனி ஈரம் சில்லென்று ஒட்டுகிறது. நிம்மதி.

முந்தின வாரம் வேறோர் ஊரில் பார்த்த வண்டியின் பானெட் இதே நேரத்தில் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. நான் போவதற்கு முன்பே ஓட்டி, சூடேற்றித் தயாராக வைத்திருந்தார்கள். சூடான இன்ஜின் எத்தனையோ நோய்களை மறைத்துவிடும். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜின் முதல் சாவித் திருப்பலிலேயே உண்மையைச் சொல்லிவிடும். அதனால்தான் வண்டி பார்க்க நான் எப்போதும் விடியற்காலையில் போகிறேன்.

"செல்ஃப் கொஞ்சம் மக்கர் பண்ணுதுங்க. பேட்டரி புதுசு போட்டாச்சு, செல்ஃப் மோட்டாரையும் கழட்டி வேலை பார்த்தாச்சு. அப்படியும் சரியாகலைங்க" என்றார் வீட்டுக்காரர். மறைக்காமல் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே வண்டி எனக்குப் பிடித்துப்போனது. சாவியைத் திருப்பினேன். ஒரு 'டக்'. பிறகு மூச்சு வாங்குவதுபோல் இழுத்து இழுத்து ஒரு சுற்று. அவர் ஐம்பது கேட்டார். 42,000-க்கு முடிந்தது. கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

இது எனக்குத் தொழில் இல்லை. வாரத்தில் ஆறு நாள் வேறு வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழைய கார். வருஷத்துக்கு இரண்டு வண்டி, மிஞ்சினால் மூன்று. கோயம்புத்தூரில் இந்தக் கிறுக்கு பிடித்தவர்கள் நிறைய. எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே லேத் ஓட்டுபவர் இருக்கிறார், பள்ளிக்கூட ஆசிரியர் இருக்கிறார், கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் இருக்கிறார். தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிற ஊரில் கழட்டிப் பார்க்கிற ஆசை காற்றிலேயே கலந்திருக்கிறது.

ஏன் மாருதி 800?

1983 டிசம்பர் 14. டெல்லியில் ஹர்பால் சிங் என்பவரிடம் முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார் அன்றைய பிரதமர் இந்திரா காந்தி. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் ஆண்ட சாலைகளில் அந்தச் சின்ன வண்டி ஒரு தலைமுறையின் முதல் கார் ஆனது. 2010 ஏப்ரலில் பி.எஸ்.-4 விதி வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கு மேல் விற்றிருந்தது.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்த எண்ணிக்கைதான் வரம். இத்தனை லட்சம் ஓடிய வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்காத ஊரே இல்லை. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். அதன் உடன்பிறப்பு ஓம்னியிலும் ஓடுகிறது என்பதால் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். சென்னையில் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டையிலும், இங்கே உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும் கதவு, கண்ணாடி, கியர் பாக்ஸ் எல்லாம் குவிந்து கிடக்கும். பில் கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டும் அங்கே நான் விடாத விதி.

மாறாக, சென்னைக்குப் பக்கத்தில் தயாராகி 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000 காரை நினைத்துப் பாருங்கள். அழகான வண்டி. ஆனால் குறைவாகத்தான் விற்றது. அதற்கு ஒரு பாகம் தேடுபவர் மாதக்கணக்கில் அலைய வேண்டும். அது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்கு. சம்பளக்காரனின் ஞாயிற்றுக்கிழமைக்கு 800-ம், பழைய ஆல்ட்டோவும், 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய சான்ட்ரோவும்தான் சரி.

2008 ஜனவரியில் ரத்தன் டாடா ஒரு லட்ச ரூபாய் நானோவை அறிமுகம் செய்தபோது, ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே போகும் குடும்பத்தைப் பற்றிப் பேசினார். நானோ இப்போது தயாரிப்பில் இல்லை. ஸ்கூட்டரில் போகும் குடும்பம் இன்னும் இருக்கிறது. அந்தக் குடும்பம் முதன்முதலாக ஏறும் நாலு சக்கரம், நான் பார்த்தவரை, பெரும்பாலும் யாரோ ஓட்டிக் கைவிட்ட பழைய வண்டிதான். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கை நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

150 ரூபாய் நோய்க்கு 8,000 ரூபாய் வைத்தியம்

சூலூர் வண்டியைக் கொண்டுவந்த அடுத்த ஞாயிறு. பேட்டரியைச் சோதித்தேன், நன்றாக இருந்தது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் கனமான கம்பியும் சரிதான். எனக்கு வேலை கற்றுக் கொடுத்த பட்டறை அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "கிளட்ச் கேபிளைத் தொட்டுப் பார்த்தியா தம்பி?"

என் தம்பியைச் சாவி திருப்பச் சொல்லிவிட்டு நான் கேபிள்மேல் விரல் வைத்தேன். மூன்றாவது தடவை விரலை எடுத்துக்கொண்டேன். சுட்டது! கிளட்ச் கேபிளுக்கும் மின்சாரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிறகு ஏன் சுடுகிறது?

பேட்டரியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போன மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். இன்ஜின் ரப்பர் மவுன்டிங்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதற்காகத்தான் இன்ஜினையும் பாடியையும் இணைத்து ஒரு பின்னல் கம்பி போட்டிருக்கிறார்கள். எர்த் கம்பி. அது அரித்துப்போனால், இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உலோகமாக வேறு எது ஓடுகிறதோ அது வழியாக மின்சாரம் திரும்பும். இந்த வண்டியில் அகப்பட்டது கிளட்ச் கேபிள். அத்தனை மின்சாரத்தைத் தாங்க அது போதாது. அதனால் கேபிள் சூடாகிறது. மோட்டாருக்கு வலு கிடைப்பதில்லை.

மல்டிமீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கிலும் மறுமுனையை பேட்டரி நெகட்டிவிலும் வைத்துச் சாவி திருப்பினோம். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. இரண்டரை காட்டியது. ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி நெகட்டிவிலிருந்து நேராக இன்ஜினில் மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் சர்ரென்று சுற்றி இன்ஜின் உயிர் பிடித்தது. வண்டிக்கு அடியில் பார்த்தால் எர்த் கம்பியின் போல்ட் முழுக்கப் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு. புதுக் கம்பி 150 ரூபாய், இரண்டு போல்ட் 30 ரூபாய். முந்தைய சொந்தக்காரர் ஒரு பட்டறையில் பேட்டரிக்கும் மோட்டாருக்குமாக 8,000 ரூபாய்க்கு மேல் கொடுத்திருந்தார்.

"பார்ட்டை மாத்தறது பெரிய விஷயம் இல்ல தம்பி. எந்தப் பார்ட்டை மாத்த வேண்டாம்னு கண்டுபிடிக்கறதுதான் வேலை" என்பார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைகளை நான் இதற்காகவே கொடுக்கிறேன். நோய் பிடிபடுகிற அந்த நிமிஷத்துக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை.

சீட் பெல்ட்டில் ஒரு கோடு

என் முதல் வண்டி இப்படிச் சந்தோஷமாக முடியவில்லை. 2016. புரோக்கர் ஒருவர் மூலம் சென்னைப் பதிவெண் கொண்ட ஒரு சின்னக் கார் வந்தது. "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்றார். பளபளவென்று இருந்தது. 1,10,000 கொடுத்தேன். சந்தை விலையைவிட முப்பதாயிரம் குறைவு. ஏன் குறைவு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு மாதத்தில் பவர் விண்டோ தானாக இறங்கியது. ஃபியூஸ் மாற்ற மாற்றப் போனது. ஒருநாள் ராத்திரி ஹெட்லைட் இரண்டும் ஒன்றாக அணைந்தன. பட்டறை அண்ணன் வந்து பார்த்தார். வேறு எதையும் தொடவில்லை. பின் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து, முழுசாகக் கடைசிவரை வெளியே இழுத்தார். யாரும் அதுவரை இழுத்திருக்க மாட்டார்கள். அந்தக் கடைசி ஓரடியில் பழுப்பு நிறத்தில் நேராக ஒரு கோடு. கார்ப்பெட்டைத் தூக்கினால் மாவு மாதிரிக் காய்ந்த வண்டல். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. ஒயரிங் முழுக்க உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருந்தது.

"பாலிஷ் போட்டுத் தள்ளிவிடு, உனக்கு வந்த மாதிரிதானே இன்னொருத்தனுக்கும் போகும்" என்றார்கள் சில நண்பர்கள். அந்த யோசனை என் மனசிலும் இரண்டு நாள் ஓடியது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். ஹெட்லைட் அணைந்த அந்த ராத்திரி நான் தனியாக இருந்தேன். வாங்குபவர் பிள்ளைகளோடு இருப்பார். அந்த நினைப்பு என்னை விடவில்லை. வண்டியை ஒரு பாகக் கடைக்கு, வெள்ளத்தில் மூழ்கியது என்று சொல்லியே கொடுத்தேன். 46,000 ரூபாய் நஷ்டம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். என் கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வெள்ளைத் தாளில் குறைகளை எழுதுவேன். எனக்குத் தெரிந்தது அத்தனையும். வாங்குபவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சாவி. குறைத் தாள் என்று நாங்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம்.

வண்டி பார்க்கப் போகிறீர்களா?

• விடியற்காலையில் போங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும்.

• ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால் காப்பி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். ஆயிலில் தண்ணீர் கலக்கிறது.

• புகையின் நிறம் பேசும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால் கூலன்ட் எரிகிறது.

• சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி பாடிமேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறார்கள்.

• ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். 'டக் டக்' என்றால் ஆக்ஸில் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது.

• டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாவிட்டாலும் வயதான ரப்பர் வெடிக்கும்.

• கால்மிதி, கதவோரம், பேட்டரித் தட்டு ஆகிய மூன்று இடத்திலும் துரு தேடுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்.

• சேஸிஸ் எண்மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எம்-பரிவாகன் செயலியில் கடன், காப்பீடு, எஃப்.சி. விவரம் பாருங்கள்.

பேப்பர்தான் பாதி வண்டி

இந்தப் பொழுதுபோக்கில் கெட்டுப்போனவர்கள் பெரும்பாலும் இன்ஜினால் கெடவில்லை, பேப்பரால் கெட்டார்கள். படிவம் 29-லும் 30-லும் விற்பவரிடம் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே வண்டியை அடுத்தவருக்குத் தள்ளிவிடும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. செலவு மிச்சம், ஓனர் எண்ணிக்கையும் ஏறாது. ஆனால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. நான்கு கை மாறிய வண்டி விபத்தில் சிக்கினால், இழப்பீட்டு வழக்கு என்றோ விற்றுவிட்டு மறந்துபோன முதல் மனிதரின் வாசலுக்கு வரும். விற்றவர் 14 நாட்களுக்குள், வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி டீலர்கள் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதியும் வந்திருக்கிறது. வியாபாரமாகச் செய்கிறவருக்கு லாபத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு.

என் வழி எளியது. எந்த வண்டியையும் முதலில் என் பெயருக்கு மாற்றுவேன். பிறகுதான் ஸ்பானரைத் தொடுவேன். 'இரண்டாவது ஓனர்' வண்டி இதனால் 'மூன்றாவது ஓனர்' ஆகி விலை குறையும். குறையட்டும். அந்தச் சூலூர் வீட்டுக்காரர் ராத்திரி நிம்மதியாகத் தூங்குவார்.

வயசுக் கணக்கும் பார்க்க வேண்டும். காரின் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. அறுபதாயிரம் ரூபாய்க்கு கார் வாங்குகிறவருக்கு இது பெரிய தொகை. அதையும் குறைத் தாளில் எழுதுகிறேன்.

கணக்கு நோட்டு

பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய 'வீலர் டீலர்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்து இந்த ஆசைக்குள் வந்த இளைஞர்கள் இங்கேயும் உண்டு. மைக் புரூயர் பழைய காரை வாங்கி வருவார், எட் சைனா பட்டறையில் சரிசெய்வார், கடைசியில் லாபக் கணக்கு வரும். அந்தக் கணக்கில் எட் சைனாவின் கூலி சேராது. என் கணக்கிலும் அப்படித்தான்.

வண்டி 42,000. நான்கு டயர் 10,800. பிரேக் வேலை 3,250. டிங்கரிங், பட்டி, பெயின்ட் 9,500. எர்த் கம்பி 180. ஆயில், ஃபில்டர், பிளக், கூலன்ட் 2,900. காப்பீடு, பெயர் மாற்றச் செலவு 4,870. மொத்தம் 73,500. விற்றது 78,000. ஏழு ஞாயிற்றுக்கிழமைக்கு மிச்சம் 4,500 ரூபாய். இதை நம்பி யாரும் வேலையை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது.

இன்னொன்றும் சொல்வேன். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். இரும்பு ஸ்டாண்டு இரண்டு, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இரண்டு, இவை இல்லாமல் அடியில் தலையை நீட்டக் கூடாது. பிரேக்கிலும் ஸ்டீயரிங்கிலும் பழைய பாகம் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது, புதுசுதான்.

பழைய சின்னக் காரின் எல்லையையும் ஒளிக்கக் கூடாது. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சின்னக் கார்களை ஏர்பேக் இல்லாத நிலையில் மோதிப் பார்த்தது. ஐந்துமே பூஜ்ஜிய நட்சத்திரம். அதற்கு முந்தைய தலைமுறை 800-ஐப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இது ஊருக்குள் ஓட்டும் வண்டி. நெடுஞ்சாலையில் பறக்க இதை வாங்காதீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன்.

அன்னூரிலிருந்து வந்த குடும்பம்

சூலூர் வண்டியைப் பார்க்க அன்னூரிலிருந்து ஒரு தையற்காரர் குடும்பத்தோடு வந்தார். டி.வி.எஸ். மொபெட்டில் அவரும் சின்ன மகளும். பஸ்ஸில் மனைவியும் பெரிய மகளும். நான் 81,000 சொல்லியிருந்தேன். வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள், ஓட்டிப் பார்த்தார்கள். அவர் பணப் பையில் கை வைத்தபோது, "இருங்கண்ணா, இதைப் படிங்க" என்று தாளை நீட்டினேன். பெரிய மகள் வாங்கிச் சத்தமாகப் படித்தாள்.

ஓட்டுநர் பக்கம் தரைத்தகடு துருப்பிடித்து, ஓரடி வெட்டி எடுத்துப் புதுத் தகடு வெல்டிங் செய்தது. இடது பின் கதவில் பட்டி இருக்கிறது. இரண்டாம் கியரில் லேசான இரைச்சல். என்றாவது ஒருநாள் கியர் பாக்ஸ் செலவு வைக்கும். ஏ.சி. வேலை செய்யாது. ஏர்பேக் கிடையாது. 2028-இல் பதிவு புதுப்பிக்க 10,000 ரூபாயும் வரியும் எடுத்துவைக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "கதவுல பட்டிங்கறது என்னங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. விரல் கணுவால் முன்கதவைத் தட்டிக் காட்டினேன், 'டிங்' என்றது. பின்கதவைத் தட்டினேன், 'டொப்' என்றது. அவரும் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"குறையைச் சொல்லிட்டீங்க. குறைச்சுக் கேக்கறதும் நியாயந்தானுங்களே தம்பி?" என்றார் தையற்காரர். நியாயம்தான். மூவாயிரம் குறைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். நால்வரும் ஏறினார்கள். மொபெட்டை மறுநாள் வந்து எடுத்துப் போனார்.

நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு பழைய ஆல்ட்டோவின் பிரேக்கைக் கழட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் ஒருவர். அந்தத் தையற்காரரின் மச்சான் என்றார். வண்டி இருந்தால் பார்க்கச் சொல்லி அனுப்பினாராம். அதோ நிற்கிறது, பாருங்கள் என்று கை காட்டினேன். அவர் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை.

"அப்புறம் பாக்கறேனுங்க. அந்தத் தாள் எழுதிட்டீங்களா? முதல்ல அதைக் கொடுங்க, படிச்சுக்கறேன்."